தோன்றா எழுவாய்

பனி முற்றாக விடைபெற்றுச் சென்றதோ, அன்றி வாசலுக்கு அப்பால் நின்று இன்னொருமுறை எட்டிப் பார்க்குமோ என்று ஊரார் துணிய மாட்டாமல், தடித்த மேலாடையை உடலில் அணியாது கையிலே சுமந்து திரியும் வைகாசித் திங்களின் முற்பாதி. வானம் சாம்பல் வெளுத்து, கிழக்கே ஒஷாவாத் திசையில் மெல்லிய மஞ்சள் கசிந்து, ரொறன்ரோப் பெருநகரின் வடகீழ்க் கோடியாகிய மல்வேர்ன் குடியிருப்பின்மீது படரும் காலைப் பொழுது. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் தொடர்மனைகளும், நூறு அடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயர்மாடங்களும், அவற்றினூடே நீளும் அகன்ற கரும்பாதைகளும் அவ்வொளியில் துலங்க, பேருந்து நிறுத்தங்களில் உணவுப் பொதியும் உறக்கம் தெளியாத கண்ணுமாய்த் தமிழ்ப் பெண்டிரும் ஆடவரும் வரிசையாய் நின்று, அடுமனையில் பாண் அடுக்கவும், மரக்கறி பொதியவும், பிறர் வீட்டு முதியோரைக் குளிப்பாட்டவும் செல்லுதற்குக் காத்திருந்தனர். தமிழ் நயம் நுகரும் அன்பரே, கதைக்கு முன் நிலமும் பொழுதும் பாடவேண்டும் என்னும் முறைமையை மதித்து நானும் பாடிவிட்டேன். இனி அழகுக்கு இங்கே வேலை இல்லை. சென்ற வைகாசி தொட்டு என் தொண்டைக்குள் நின்று குமட்டும் ஒரு செய்தியைத் துப்பிவிடவே இதனை எழுதுகிறேன்.

அக்குடியிருப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு பலசரக்குக் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே, திருமணத்துக்கும் பூப்புநீராட்டுக்கும் இறந்தோரின் முப்பத்தொன்றாம் நாள் உணவுக்கும் மாறி மாறி வாடகைக்கு விடப்படும் அரங்கு ஒன்றில், ‘போரின் பன்னிரு திருப்புமுனைகள்’ என்னும் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆளுயரப் பலகைகள் பன்னிரண்டு. ஆடிக் கலவரத்தில் தொடங்கி, அயல்நாட்டுப் படை வந்ததும் போனதும், யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையானதும், ஆனையிறவு வீழ்ந்ததும், போர்நிறுத்தம் பிறந்து சில ஆண்டில் செத்ததும், கிளிநொச்சி பறிபோனதும் கடந்து, முள்ளிவாய்க்கால் மணலில் முடியும் வண்ணம் அவை வரிசையாய் நிறுத்தப்பட்டிருந்தன. எவையெவை திருப்புமுனைகள் என்று முடிவு செய்யக் கூடிய குழுவினர் ஏழு அமர்வுகள் வாதிட்டனர். கிழக்கின் பிள்ளைகளும் வடக்கின் பிள்ளைகளும் வெருகலாற்றங்கரையில் ஒருவரையொருவர் கொன்று கிடந்ததை ‘உள்முரண் களையப்பட்டது’ என்று இரண்டே சொல்லுக்குள் புதைத்தனர். யாழ் நகரத்து முசுலிம் குடிகள் இரண்டு மணி நேரத்துள் வீடுவாசல் விட்டுத் துரத்தப்பட்டதோ, இடம் போதாது என்று பலகை ஏறவே இல்லை. வாழ்த்துரைத்த கடைகளின் பெயர்களுக்கு மட்டும் பதின்மூன்றாவதாக ஒரு பலகை, மற்றவற்றினும் அகலமாக எழுந்து நின்றது. அதற்கு இடம் போதுமாயிருந்தது.

அமர்வுதோறும் வடையும் பற்றீசும் தேநீரும் வந்தன. எரிந்த வீட்டின் ஒளிப்படத்தின் மேலேயே பற்றீசுத் தட்டை வைத்து உண்டு, எண்ணெய் விரலை அதன் ஓரத்தில் துடைத்து, “உது தெளிவில்லை, இன்னும் இரத்தம் தெரியிற படம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்ட பெருமகன் ஒருவரும் அங்கே இருந்தார். அவர் பெயரைச் சொல்லி என் எழுதுகோலை அழுக்காக்க மாட்டேன்.

குழுத்தலைவர் இராஜரட்ணம் வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலர். தம் முகம் பொறித்த அறிவிப்புகளை ஊரின் புல்வெளிதோறும் நட்டு, சிரித்தபடியே நிற்கும் அம்முகத்தைத் துயர்நாளில்கூட மாற்றிக்கொள்ளத் தெரியாதவர். பலகைகளின் தமிழைத் துலக்கும் பொறுப்பு யூனியன்வில்லில் வாழும் கனகசிங்கனாருடையது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இந்நாடு சேர்ந்து, முப்பது ஆண்டுகளாக இந்நகரத் தமிழர் அச்சேற்றும் அழைப்பிதழ், நினைவுமலர், ஆண்டறிக்கை அனைத்தையும் கூலி வாங்காது திருத்திக் கொடுத்து வந்தவர். வடசொல் ஒன்று கண்டால் சோற்றில் மயிர் கண்டவர்போல முகம் சுளிப்பார். மல்வேர்ன் அடங்கிய ஸ்காபரோவை ‘இசுகாபரோ’ என்றே எழுதுவார். அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கும் அது எந்த நாட்டு ஊர் என்று விளங்காது. கார்த்திகை மாதத்து நினைவுமலர்களுக்கென அவர் எழுதிய இரங்கலுரைகள் பல நூறு. ஒவ்வொன்றிலும் ‘விடுதலைப் போரில் தன்னை இணைத்துக்கொண்டான்’ என்னும் தொடர், கோயிற் படியில் பதித்த கல்போல அதனதன் இடத்தில் இருக்கும். வன்னியில், போருக்கு ‘வீட்டுக்கு ஒருவர்’ என்னும் புலிகள் இயக்கத்தின் ஆணை பிறந்தபோது, இங்கிருந்து அதனைப் புகழ்ந்து நான்கு பத்தி எழுதியவரும் அவரே. கண்காட்சியின் முதல் நாளன்று அவருக்குப் பொன்னாடை போர்த்திச் ‘செந்தமிழ்ச் செம்மல்’ என்னும் பட்டம் சூட்டுவதாகக் குழு முடிவு செய்திருந்தது.

பன்னிரண்டாம் பலகைக்கு, இறுதிப் போரில் மாண்டோரின் படங்களும் உற்றார் எழுதிய குறிப்புகளும் வேண்டும் என்று அறிவித்தபோது வந்தவற்றுள் ஒன்று நாகேஸ்வரி என்னும் பெண்மணியுடையது. ஐம்பத்தெட்டு அகவை, கணவனை இறுதிப் போர் தொடங்குமுன் நோய்க்கும், ஒரே மகளைப் போருக்கும் பறிகொடுத்து, முட்கம்பி முகாமில் ஓர் ஆண்டு இருந்து, பின்பு அண்ணன் அழைக்க இந்நாடு வந்து, மல்வேர்னில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியே வாழ்ந்து, ஒஷாவாவில் மரக்கறி பொதியும் கூடத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவள். இடது காலில் எறிகணைத் துண்டு ஒன்று இன்னும் உண்டு. குளிர்காலத்தில் அது தன்னை நினைவூட்டும். பள்ளித் தேர்வுக்கென எடுத்த, வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய்ப் பதினாறு அகவையில் மகள் தனுசியா நிற்கும் சிறு படம் ஒன்றையும், கோடிட்ட தாளில் நான்கு பக்கம் தன் கைப்பட எழுதிய குறிப்பையும் அவள் கொடுத்திருந்தாள். அதன் நடு இப்படி இருந்தது:

“மாத்தளனிலை என்ர காலிலை செல் துண்டு பட்டு நான் கிடந்தன். பிள்ளையைக் கிடங்கு வெட்டித் தகரம் போட்டு மண் போட்டு ஒளிச்சு வச்சிருந்தனான். ரெண்டு நாள் பட்டினி. கஞ்சி குடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு, அம்மா நீங்கள் நடக்கேலாது நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு ஓடி வாறன் எண்டு கோப்பையோடை போனவள். கஞ்சி வரிசையிலை வச்சு இயக்கப் பெடியள் பிள்ளைபிடிக்க வந்து பிடிச்சுக்கொண்டு போட்டினம். குழறினவளாம். கோப்பையைப் பக்கத்துச் சனம் கொண்டுவந்து தந்தது. பத்தொன்பதாம் நாள் ஆமியின்ரை செல் விழுந்து செத்துப்போனாள் எண்டு வந்து சொல்லிச்சினம். முகம் காட்டேல்லை.”

அறிந்தவர் அறிவர்: அந்நாட்களில் வன்னியில் ‘பிள்ளைபிடி’ என்னும் சொல் வீடுதோறும் வழங்கியது. குழந்தைகளை அச்சுறுத்தச் சொல்லும் கட்டுக்கதைச் சொல்லாக இருந்தது, தாயரை அச்சுறுத்தும் மெய்ச்சொல்லாக மாறிற்று. இந்நான்கு பக்கத்தையும் பெற்ற கனகசிங்கனார், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, சிவப்பு எழுதுகோலை எடுத்து, கொச்சை நீக்கி, வடசொல் களைந்து, பிறமொழி துரத்தி, சந்தி திருத்தி, பலகைக்கு ஏற்ற அளவில் இப்படிச் செதுக்கினார்: ‘பங்குனித் திங்களில் மாத்தளனில் நிகழ்ந்த ஆட்சேர்ப்பின்போது எழில்மதி விடுதலைப் போரில் தன்னை இணைத்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் பகைவரின் எறிகணைக்கு இரையாகி மண்ணில் வித்தானாள்.’ எழில்மதி என்பது இயக்கம் அச்சிறுமிக்கு அந்தப் பத்தொன்பது நாளில் சூட்டிய தூய தமிழ்ப் பெயர். குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தாய் அதனை எழுதியிருந்தாள், அடையாளத்துக்காக. தனுசியா என்பதினும் அது தூயது என்று ஆசிரியருக்குத் தோன்றிற்று.

அவர் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை, அன்பரே. வேண்டுமென்று எழுதியிருந்தால் அவரை ஒரு கயவர் என்று தள்ளிவிட்டு நான் நிம்மதியாய்ச் சோறு உண்பேன். முப்பதாண்டுப் பழக்கத்தில் கை தானாகவே அத்தொடரை எழுதிற்று. கண் அதில் பிழையொன்றும் காணவில்லை. அலறிக் குழறிக்கொண்டு போன பிள்ளை, திருத்தம் முடிந்தபோது தானே நடந்து போயிருந்தாள். இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

கண்காட்சிக்கு ஒரு கிழமை முன்னதாக, காரிக்கிழமையாகிய சனியன்று காலையில், படம் கொடுத்தோர் வந்து எழுத்துப் பிழை இருப்பின் சொல்லலாம் என்று அழைக்கப்பட்டனர். நாகேஸ்வரியும் வந்தாள். பன்னிரண்டாம் பலகையில் மகளைத் தேடி இருமுறை கடந்து சென்றாள், காணவில்லை. மூன்றாம் முறைதான் கண்டாள். பின்னலை உச்சியில் மடித்துக் கட்டி, கணினியில் வெட்டி ஒட்டிய வரிப்புலிச் சீருடைக்குள் அந்தத் தேர்வுக்கூடத்து முகம், தான் எங்கே வந்து சேர்ந்தோம் என்று அறியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

“உந்த உடுப்பு ஆரின்ரை?” என்றாள்.

அருகில் நின்ற இராஜரட்ணம் சிரித்த முகத்தோடு வந்தார். “எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் எண்டு செய்விச்சனாங்கள், அக்கா. வடிவா இருக்கெல்லே?”

“உந்தப் பேர்?”

“அது அவவின்ரை இயக்கப் பேரெல்லே, அக்கா. நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்.”

“நான் அவளை உந்தப் பேராலை ஒருநாளும் கூப்பிடேல்லை” என்று சொல்லிவிட்டு, அவள் பலகையோடு முகம் ஒட்டி, அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்தும் நிமிரவில்லை. மீண்டும் வாசித்தாள். பிறகு திரும்பி, சற்றுத் தொலைவில் ஏழாம் பலகையின் ஒற்றெழுத்தைச் சரிபார்த்து நின்ற கனகசிங்கனாரை நோக்கி, “மாஸ்டர், உதை ஆர் எழுதினது?” என்று கேட்டாள்.

“யான்தான் செப்பம் செய்தேன், அம்மா. பிழை ஏதும் உண்டோ?”

“அவள் தன்னை இணைக்கேல்லை மாஸ்டர். அவளைப் பிடிச்சுக்கொண்டு போனவை. நான் எழுதித் தந்தனான்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இக்கட்டு நேர்ந்தால் இலக்கணத்துக்குள் ஓடி ஒளிவது அவர் வழக்கம். “பிடிக்கப்பட்டாள் என்று எழுதலாம், அம்மா. ஆயினும் செயப்பாட்டுவினை தமிழின் இயல்புக்குச் சிறப்புடையதன்று.”

“எனக்கு உது விளங்கேல்லை. அப்பிடி எழுதினா, பிடிச்சது ஆரெண்டு அதிலை இருக்குமோ?”

“எழுவாய் வெளிப்படையாக நிற்க வேண்டுவதில்லை. தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. அது உள்ளே மறைந்து நிற்கும், கற்பவர் உணர்ந்துகொள்வர்.”

“ஒளிச்சிருந்தது என்ர பிள்ளை, மாஸ்டர்” என்றாள். “பிடிச்சவைக்கு என்னத்துக்கு ஒளிப்பு?”

அரங்கில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இராஜரட்ணம் குரலைத் தாழ்த்தி, வீடு விற்கும்போது கூரை ஒழுகுவதை மறைத்துப் பேசும் அதே இனிமையோடு, “அக்கா, குறை நினையாதேங்கோ. உதை எழுதினா நாளைக்கு அரசாங்கம் உதைத்தான் தூக்கிப் பிடிக்கும். எம்.பி.மார் வருகினம், ஸ்கூல் பிள்ளையள் வருகினம். எங்கட ஊத்தையை நாங்களே றோட்டிலை கொட்டக்கூடாது” என்றார்.

“செல் அடிச்சது ஆமி எண்டும் எழுதினனான், அண்ணை. அதை வச்சிருக்கிறியள். மற்றதை எடுத்துப்போட்டியள். ரெண்டு பகுதியும் சேர்ந்துதான் என்ர பிள்ளையைச் சாக்காட்டினது. ஒரு பகுதியை நீங்கள் எடுக்கேலாது. எடுக்கிறதெண்டா என்ர படத்தைத் தாங்கோ, நான் கொண்டு போறன்.”

படத்தை எடுத்தால் பலகையின் நட்ட நடுவில் ஓட்டை விழும். ஆகவே பேரம் தொடங்கிற்று. சீருடையை மாற்றலாம் என்றார் தலைவர். பெயரையும் மாற்றலாம் என்றார். வினைச்சொல்லை மாஸ்டர் பார்த்துத் திருத்துவார் என்று, தம் தலையிலிருந்து இறக்கி ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நாகேஸ்வரி கனகசிங்கனாரிடம் வந்தாள். “நீங்கள் படிச்ச மனுசன். வேறை ஒண்டும் கேக்கேல்லை. ஒரு வரி. செத்த பிள்ளைக்கு நான் வேறை என்னத்தைக் குடுக்கிறது?” என்றாள். அவரும், “ஆகட்டும், அம்மா. உறுதி” என்று சொல்லிவிட்டார்.

அன்று பிற்பகல் யூனியன்வில் வீட்டின் உணவு மேசையில், வெளியே செர்ரி மரம் பூத்து நிற்க, கனகசிங்கனார் அந்நான்கு பக்கத்தையும் மீண்டும் விரித்துவைத்து, சிவப்பு எழுதுகோலின்றி முதன்முறையாக வாசித்தார். கிடங்கு, தகரம், கோப்பை, குழறல் என்று தாம் அடித்தெறிந்த சொற்கள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்து மேசையில் அமர்ந்தன. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி செயமலர், அவர் பெருமூச்சு விடுவது மூன்றாம் முறையானபோது, என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். சொல்லி முடித்து, “அக்காலத்தின் கட்டாயம் அது. இன்று நாம் எப்படித் தீர்ப்புரைப்பது?” என்று தாமே விடையும் கூறிக்கொண்டார்.

செயமலர் கத்தியைக் கீழே வைத்தாள். “மிதுனனுக்குப் பதினாலு நடக்கேக்கை நாங்கள் ஏன் கொழும்புக்கு வெளிக்கிட்டனாங்கள்? அவனுக்குக் கண்ணிலை வருத்தம் எண்டு சொல்லி இயக்கத்திட்டை வெளியிலை போகப் பாஸ் எடுத்தது ஆர்? அந்தப் பிள்ளைக்குக் கண்ணிலை என்ன வருத்தம் இருந்தது?” என்று கேட்டாள். பிறகு கத்தியை எடுத்து, மிச்சக் காயை நறுக்கினாள்.

ஆம், அன்பரே. வீட்டுக்கு ஒருவர் என்று பாடிய புலவரின் வீட்டிலிருந்து எவரும் போகவில்லை. மிதுனன் இன்று மிசிசாகாவில் கண் மருத்துவன்; பொய் நோய் மெய்த்தொழிலாயிற்று என்று சிரிக்கத் தோன்றும், சிரிக்க முடிந்தவர்க்கு. ஒரு தந்தை தன் மகனை ஒளித்துக் காத்ததை நான் குற்றம் கூறேன். நாகேஸ்வரி செய்ததும் அதுவே. அவளிடம் தகரமும் மண்ணும் இருந்தன, இவரிடம் பாஸ் இருந்தது. தன் பிள்ளையைக் காத்த கையாலேயே பிறர் பிள்ளையைப் பிடித்துக்கொடுக்கும் தொடரை எழுதுவதற்கு எத்தனை தடித்த தோல் வேண்டும் என்பதே என் கேள்வி.

ஆனால் அன்று அவர் எழுதினார். ஒரு வெள்ளைத் தாளில், தம் வாழ்நாளின் மிகச் சிறந்த தொடரை எழுதினார்: ‘பசித்த தாய்க்குக் கஞ்சி வாங்க வரிசையில் நின்ற தனுசியாவை இயக்கத்தார் பிடித்துச் சென்றனர், பத்தொன்பதாம் நாள் படையினர் எறிந்த கணையில் அவள் இறந்தாள்.’ எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, பயனிலை இருந்தது. மெய்யும் இருந்தது. செயமலரிடம் காட்டினார். அவள் இருமுறை வாசித்து, “உதுதான் தமிழ்” என்றாள். அதை அன்றே இராஜரட்ணத்துக்கு அனுப்பிவிட்டு, பல ஆண்டுகளாக அறியாத ஒரு பசியோடு சோறு உண்டார்.

இக்கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

மறுநாள் இராஜரட்ணம் நேரில் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. வாய் நிறையச் சிரிப்பு. மேசையில் ஒரு கைபேசியை வைத்து, பட்டம் பொறித்த செப்புத் தகட்டின் படத்தைக் காட்டினார். “எழுத்து வெட்டியாச்சு, மாஸ்டர். வடிவா வந்திருக்கு. இனி நீங்கள் உந்த வரியைப் போட்டியள் எண்டா, மேடையிலை உங்களைக் கூப்பிடேக்கை சனம் என்ன சொல்லும்? முப்பது வருசமா எழுதினதெல்லாம் பொய்யோ எண்டு கேக்கும். கேட்டா என்ன சொல்லுவியள்?” என்றார். அச்சுறுத்தவில்லை; குரல் உயர்த்தவில்லை. வீட்டின் விலையைக் குறைக்கும்படி விற்பவரிடம் நயமாகச் சொல்வதுபோலச் சொன்னார். கனகசிங்கனார் அச்செப்புத் தகட்டின் படத்தைப் பார்த்தார். ‘செந்தமிழ்ச் செம்மல்’ என்பதில் ஒற்று மிகுந்திருந்தது, சரியாகவே இருந்தது.

“உயர்ந்த நோக்கம் சிதையாமலும் தாயின் உள்ளம் நோகாமலும் ஒரு தொடர் அமைக்க இயலும்” என்றார் ஈற்றில்.

அவரால் இயலும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அரை நாழிகையில் அமைத்துக் கொடுத்தார். அடுக்களையிலிருந்து வந்து இதை வாசித்த செயமலர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அன்று இரண்டு தட்டுக்குப் பதிலாக ஒரு தட்டில் மட்டும் சோறு போட்டு, தான் உண்டு, உள்ளே போய்விட்டாள்.

கண்காட்சி தொடங்கும் முற்பகலில் அரங்கு நிரம்பி வழிந்தது. வாயிலில் சந்தனமும் பன்னீரும், மேடையில் குத்துவிளக்கும், ஒலிபெருக்கியில் வீறுகொண்ட பாட்டும், அடுக்களைப் பக்கம் பற்றீசு மணமுமாய்த் துயரும் திருவிழாவும் ஒரே சட்டியில் வெந்துகொண்டிருந்தன. நாகேஸ்வரி வேலைக்கு விடுப்பெடுத்து, இருந்தவற்றுள் நல்ல சேலை உடுத்து, நொண்டிய காலோடு நேரே பன்னிரண்டாம் பலகைக்குச் சென்றாள். சீருடை போயிருந்தது, வெள்ளை உடுப்பும் இரட்டைப் பின்னலுமாய்த் தனுசியா தன் பெயரோடு திரும்பி வந்திருந்தாள். கண்ட கணம் தாயின் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பிறகு, பழைய தொடரின் மேல் ஒட்டியிருந்த வெண்தாள் கீற்றில் விரல் வைத்து வாசித்தாள்: ‘பங்குனித் திங்களில் மாத்தளனில் கடமையின் அழைப்பால் தாயைப் பிரிந்தாள்.’

அவள் அழவில்லை. கூட்டத்தில் கனகசிங்கனாரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் எதிரே சென்று நின்றாள். “மாஸ்டர், அவள் என்னைப் பிரியேல்லை” என்றாள். அவர் கையிலிருந்த உரைத்தாளைப் பார்த்தார். “ஓடிப்போய் ஓடி வாறன் எண்டுதான் போனவள்” என்றாள். அவர் தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

திரும்பிப் போய்ப் பலகையின் அருகில் நின்றுகொண்டாள். யார் வந்து அந்தப் படத்தின் முன் நின்றாலும், அவரைப் பார்த்து, கத்தாமல், கையை ஆட்டாமல், பொதியும் கூடத்தில் பெட்டிக்குப் பெட்டி ஒரே அளவாய் இடுபவள் போல, ஒரே சொற்களைச் சொன்னாள். “இது என்ர மகள் தனுசியா. பதினாறு வயசு. கஞ்சி வரிசையிலை வச்சு இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. ஆமி செல் அடிச்சுச் செத்தவள். உதிலை இருக்கிறது பொய்.” இளந்தம்பதியர் இருவர் கேட்டுத் தலை குனிந்து நகர்ந்தனர். ஒரு கிழவர், “உவளை ஆர் அனுப்பினது?” என்று முணுமுணுத்துப் போனார். பற்றீசுத் தட்டோடு வந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தாமலே, “துரோகி” என்றார். அவள் அடுத்தவரைப் பார்த்து மறுபடி தொடங்கினாள்.

மாண்டவளின் தாயை விருந்தினர் முன்னிலையில் வெளியேற்ற இயலாது. அதை இராஜரட்ணம் அறிவார். விரைந்து மேடைப் பக்கம் வந்து, “மாஸ்டர், பேச்சை இப்பவே தொடங்குங்கோ. சவுண்டைக் கூட்டச் சொல்லுறன்” என்றார். எதற்கு என்று கனகசிங்கனார் கேட்கவில்லை. கேளாமலே விளங்கிக்கொண்டதுதான் அவர் கல்வி. மேடை ஏறினார், பொன்னாடை தோளில் விழுந்தது, செப்புத் தகடு கையில் வந்தது, ஒலிவாங்கியை உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்து, ‘செந்நீர் சிந்தித் தம்மையே ஈந்த செல்வங்களே’ என்று தொடங்கினார். அவ்வரங்கின் நான்கு மூலையிலும் நின்ற ஆளுயர ஒலிபெருக்கிகள் அக்குரலை வாங்கிச் சுவரில் மோதின. மறுகோடியில், பன்னிரண்டாம் பலகையருகே, ஒரு பெண்ணின் உதடுகள் அசைவதை அவர் மேடையிலிருந்து பார்த்தார். குரல் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே பேசினார்.

நாட்டை அழித்த போரில் எவை திருப்புமுனைகள் என்று அறிஞர் வகுக்கட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றே: கொன்றவர் பெயரைத் தொடரின் உள்ளே ஒளித்துவைக்கப் பழகிய நாளில் ஓர் இனம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிவிடுகிறது. பகைவன் நம் பிள்ளைகளைக் கொன்றான். அதைச் சொல்ல நமக்கு ஆயிரம் வாய். நாம் கொன்றதைச் சொல்ல நொண்டிக் காலோடு ஒருத்தி. இத்துணை நேரம் சந்தி பிசகாமல் சொல் தேர்ந்து எழுதி வந்த எனக்கு, என் கையின்மீதே அருவருப்பு வருகிறது. இந்தத் தூய நடையும் அவர் நடையின் உடன்பிறப்புத்தானே. ஆகவே நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தனுசியாவை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது.

ஒஷாவாவில் நாகேஸ்வரியோடு அதே கூடத்தில் பொதியும் பாலேஸ்வரி என்பவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்கு வந்தாள். ஒலிபெருக்கியின் கீழேயே இருவரும் நின்றனர். பாலேஸ்வரி தன் காதைத் தோழியின் வாயோடு ஒட்டி, “கேக்கேல்லை அக்கா. திருப்பிச் சொல்லுங்கோ” என்றாள். நாகேஸ்வரி திருப்பிச் சொன்னாள். பாலேஸ்வரி கேட்டு முடித்து, அவள் கையைப் பிடித்து, “எங்கட தம்பியையும் உப்பிடித்தான், தேவிபுரத்திலை” என்றாள். இருவரும் பலகையின் இருபுறமும் நின்றுகொண்டனர்.

கனகசிங்கனாரின் உரை இருபத்தாறு மணித்துளி நீண்டது. அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.